ஹேங்க் ஆரனுக்கு சாட்ஸ்வர்த்தில் நினைவுக் கூட்டம் வைப்பது எப்படி

சாட்ஸ்வர்த் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பேஸ்பால் பார்ப்பவர்கள் குறைவு, அதனால் முதலில் ஹோம் ரன் என்றால் என்ன என்று சொல்லிவிடுங்கள்: நம்ம சிக்ஸர் மாதிரிதான், ஆனால் அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி வர வேண்டும். அமெரிக்க பேஸ்பால் வீரரான ஆரன் மொத்தம் 755 அடித்தார், 2021 ஜனவரி 22 அன்று காலமானார். இதற்கு ஒரு நிமிடம் போதும்.

நேரத்தைக் கடிதங்களுக்கு ஒதுக்குங்கள். அதுவரை சாதனையாக இருந்த பேப் ரூத்தின் 714 ஹோம் ரன்களை ஆரன் நெருங்கியபோது, கறுப்பினத்தவர் என்பதற்காகவே அவருக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. மனிதர் அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் வீடிழந்து இங்கே வந்த பெரியவர்களுக்கு இது விளக்காமலே புரியும், அவர்களைப் பேச விடுங்கள்.

அப்புறம் 1974 ஏப்ரல் 8-இல் அடித்த 715-வதை வீடியோவில் போடுங்கள். ஆரன் தளங்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு இளைஞர்கள் மைதானத்துக்குள் புகுந்து அவர் தோளைத் தட்டுவார்கள், அந்த இடத்தை இரண்டு தடவை காட்டலாம். சாப்பாடு கடைசியில்தான், பன்னி சவ் (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) வந்துவிட்டால் யாரும் திரையைப் பார்க்க மாட்டார்கள்.