மார்கழியில் அருவிக்கு: முதல் லாங் எக்ஸ்போஷர் படம் எடுப்பது எப்படி?

ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்து, ஓடும் தண்ணீரை இழை இழையாகப் பதிவதுதான் லாங் எக்ஸ்போஷர். அதற்கு அருவி வேண்டும், ஆனால் கடலூர் மாவட்டத்திலும் சரி, புதுச்சேரியிலும் சரி, அருவி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஒரே நாளில் போய்த் திரும்ப நமக்கு வாய்த்தது கல்வராயன் மலைதான். கடலூரிலிருந்து கிளம்புபவர்கள் விருத்தாசலம், சின்னசேலம் வழியாகக் கச்சிராயபாளையம் போகலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழி. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையிலேயே பெரியார் அருவி வந்துவிடும். மேகம் அருவிக்கு நடக்க வேண்டும். முதல் தடவையே ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே போகாதீர்கள், பெரியார் அருவியே போதும்.

மார்கழியைச் சொல்வதற்கு இரண்டு காரணம். வடகிழக்குப் பருவமழை முடிகிற நேரம் என்பதால் தண்ணீர் இருக்கும்; கோடையில் போனால் பாறையைத்தான் படம் பிடிக்க வேண்டும். இரண்டாவது வெளிச்சம். டிசம்பர் கடைசியில் நம் பக்கம் உச்சி வேளையில்கூடச் சூரியன் தலைக்கு நேர் மேலே வராது, தெற்கே சாய்ந்து ஏறத்தாழ 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மரமும் மலையும் சூழ்ந்த இடத்தில் நிழல் நீண்ட நேரம் தங்கும். வெளிச்சம் குறைந்தால்தான் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க முடியும், அதனால் இந்த நிழலை நம்பித்தான் கீழே சொல்வதெல்லாம்.

கேமராவில் மேனுவல் மோடு எங்கே இருக்கிறது, ஐஎஸ்ஓவை எப்படிக் குறைப்பது என்பது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் புதுச்சேரி பீச் ரோடு

அவ்வளவு தூரம் போய் அங்கே பட்டன் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். பீச் ரோட்டில் கடலை ஒட்டிக் கொட்டியிருக்கும் கருங்கற்கள் நல்ல பயிற்சிக் களம். ஜனவரி தொடக்கத்தில் அங்கே சூரியன் எழுவது காலை ஆறரை மணியளவில். அதற்கு அரை மணி முன்னால் போய்விடுங்கள், அந்த வெளிச்சத்தில் லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டரே தேவைப்படாது. அலை வந்து மோதும்போது அழுத்தாதீர்கள். கல்லிடுக்கு வழியாகத் தண்ணீர் பின்வாங்கும்போது அரை விநாடி ஷட்டரில் எடுத்தால் வெள்ளைக் கோடுகள் விழும். கடலூரில் இருப்பவர்கள் சில்வர் பீச்சிலேயே முயலலாம், ஆனால் அங்கே வெறும் மணல். தண்ணீர் சுற்றிக்கொண்டு ஓட ஒரு பொருள் இருந்தால்தான் படத்தில் ஏதாவது நடக்கும்.

ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போனால் லென்ஸ் மூடுபனி பூத்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். கேமராவை மூடிய பையிலேயே வைத்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் ட்ரைபாட் காலை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்பு உள்ளே போனால் திருகுகள் இறுகிவிடும்.

படி 2: என்னென்ன வாங்குவது

ட்ரைபாட் கனமாக இருக்கட்டும். நடு ராடை ஏற்றினால்தான் உயரம் கிடைக்கும் என்கிற லேசான ட்ரைபாடை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஃபில்டரில் ஒன்றுதான் வாங்கப் பணம் இருக்கிறதென்றால் சிபிஎல் (மினுக்கை அடக்கும் போலரைசர்) வாங்குங்கள். எல்லாரும் முதலில் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டிதான் வாங்குகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஈரப் பாறையும் இலையும் அருவியோரத்தில் கண்ணாடி மாதிரி மின்னும். சிபிஎல்லைத் திருப்பினால் அந்த மினுக்கு அடங்கி, பாறையின் கருமையும் இலையின் பச்சையும் வெளியே வரும். இதைப் பிறகு கணினியில் கொண்டுவர முடியாது. கூடவே அது ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் குறைத்துவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்).

அப்புறம் வாங்குவதென்றால் என்டி 8. அது மூன்று ஸ்டாப். பத்து ஸ்டாப் குறைக்கும் என்டி 1000 அருவிக்கு வேண்டாம், அது நடுப்பகல் கடலுக்கு. வேரியபிள் என்டி எனக்குப் பிடிக்காது; அகலக் கோண லென்ஸில் முழுதாகத் திருப்பினால் படத்தின் குறுக்கே கறுப்பாகப் பெருக்கல் குறி விழும். உங்களிடம் இருப்பதிலேயே பெரிய லென்ஸின் அளவுக்கு ஃபில்டர் வாங்கி, மற்றவற்றுக்கு ஸ்டெப் அப் ரிங் போட்டுக்கொள்ளுங்கள். ரிங் விலை குறைவு.

இவை தவிர மைக்ரோஃபைபர் துணி இரண்டு. ஒன்று நனைந்துபோகும்.

படி 3: எத்தனை விநாடி?

பளிச்சென்ற வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 (எஃப் எண் கூடினால் லென்ஸ் துளை சுருங்கும்) வைத்தால் சரியான ஷட்டர் ஏறத்தாழ 1/100 விநாடி. அடர்ந்த மரநிழலில் நான்கு ஸ்டாப் குறையும் என்று வையுங்கள்: 1/6 ஆகிவிடும். எஃப் 16, எஃப் 22 என்று துளையைச் சுருக்கிக்கொண்டே போனால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுவதும் மென்மையாகிவிடும் என்பதால் எஃப் 11-க்கு வாருங்கள், 1/12. சிபிஎல் மாட்டினால் கால் விநாடிக்குக் கிட்டத்தில் வந்து நிற்கும். என்டி 8-ஐ அதன்மேல் மாட்டினால் எட்டு மடங்கு, அதாவது இரண்டு விநாடி. இடையில் எது வேண்டுமென்றாலும் எஃப் எண்ணை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

என் கணக்கு: வேகமாக விழும் பெரிய அருவிக்குக் கால் விநாடி, படிப்படியாக வழிவதற்கு அரையிலிருந்து ஒரு விநாடி. முப்பது விநாடி வைத்து எடுத்த படங்களைப் பாருங்கள், தண்ணீர் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைப் புகைதான் இருக்கும். இழைகள் தெரிந்தால்தான் எந்தப் பாறையில் பட்டு எந்தப் பக்கம் திரும்பி விழுகிறது என்று புரியும்.

படி 4: ஃபோகஸ் (இங்கேதான் எல்லாரும் மாட்டுகிறார்கள்)

விழுகிற தண்ணீரின் மேல் ஃபோகஸ் வைக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் பாறையின் விளிம்பில் வையுங்கள். ஃபோகஸ் கிடைத்ததும் லென்ஸில் ஏஎஃப் (தானியங்கி ஃபோகஸ்) என்பதை எம்எஃப்-க்கு (கையால் வைக்கும் ஃபோகஸ்) தள்ளிவிடுங்கள், அதன் பிறகுதான் ஃபில்டர். அடர்ந்த என்டி போட்ட பிறகு ஃபோகஸ் வைத்தால் கேமரா முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும்.

இதுவரை எல்லா வழிகாட்டியிலும் இருப்பதுதான். அவற்றில் பெரும்பாலும் இல்லாதது, ஃபில்டரைத் திருகும்போதே ஃபோகஸ் நகர்ந்துவிடும் என்பது. கேமராவோடு வரும் பழைய 18-55 லென்ஸ்கள் சிலவற்றில் முன்பக்கம் முழுவதும் ஃபோகஸோடு சேர்ந்து சுற்றும். எம்எஃப்-இல் இருக்கும்போது ஃபில்டரைக் கொஞ்சம் அழுத்தித் திருகினாலே அதுவும் கூடத் திரும்பிவிடும். சிபிஎல்லைச் சுழற்றினாலும் இதே கதைதான். சின்னத் திரையில் ஒன்றும் தெரியாது, வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால்தான் தெரியும். அதனால் ஒரு கையால் லென்ஸின் முன்வளையத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஃபில்டரை மாட்டுங்கள். மாட்டி முடித்ததும் லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் நேரடிக் காட்சி) பாறையை முழுதாகப் பெரிதாக்கி ஒருமுறை பாருங்கள். கூர்மை போயிருந்தால் வளையத்தைக் கையாலேயே நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

அடுத்து லென்ஸில் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு, இரண்டு விநாடி டைமர் வையுங்கள். ட்ரைபாட் காலை ஓடும் தண்ணீருக்குள் வைத்தால் நடுக்கம் கேமராவரை வரும், பாறைமேல் நிறுத்துங்கள்.

எடுத்த படம் தெளிவில்லை என்றால் காரணத்தை இப்படிக் கண்டுபிடிக்கலாம். பாறை விளிம்பு ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் நடுக்கம். எல்லாமே ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் ஃபோகஸ். இலை மட்டும் கலைந்திருந்தால் காற்று. காற்றுக்கு ஒரு வழி உண்டு: ட்ரைபாடை அசைக்காமல் ஐஎஸ்ஓவை ஏற்றி, வேகமான ஷட்டரில் இன்னொன்று எடுத்து, இலைப் பகுதியை மட்டும் அதிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம். நடுவில் சாரல் லென்ஸில் படியும், ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் துடையுங்கள்.

படி 5: வெள்ளை எரியாமல்

கறுத்த பாறையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், தண்ணீர் விவரமே இல்லாத வெள்ளையாக எரிந்துபோகும். ஹைலைட் எச்சரிக்கையை (எரிந்த இடத்தைத் திரையில் மினுக்கிக் காட்டும் வசதி) போட்டுக்கொண்டு, தண்ணீர் பெரிய திட்டாக மினுக்காத அளவுக்குக் குறையுங்கள். பெரும்பாலும் முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைத்தால் சரியாகிவிடும். ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) எடுத்தால் பாறையின் இருட்டைப் பிறகு மீட்கலாம், எரிந்த வெள்ளையை மீட்க முடியாது. நிழலில் தண்ணீர் நீலம் பூசியது போல வரும். வைட் பேலன்ஸை ஷேடில் வையுங்கள்.

தண்ணீரில் நிற்கும்போது

அருவியில் வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே மலைமேல் மழை பெய்திருக்கலாம். தெளிந்த தண்ணீர் சட்டென்று செம்மண் நிறமானால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், படத்தை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். பாசிப் பாறையில் செருப்போடு ஏற வேண்டாம். மழை நாட்களில் அனுமதி இருக்கிறதா என்று வனத்துறையினரிடம் அடிவாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: போனில் முடியுமா?

இதைப் போட்ட பிறகு அதிகம் வந்த கேள்வி இதுதான். முடியும். ஐபோனில் லைவ் ஃபோட்டோவாக எடுத்து, பிறகு அந்தப் படத்தைத் திறந்து எஃபெக்டில் லாங் எக்ஸ்போஷர் தேர்ந்தெடுங்கள். பிக்சல் 6 முதலான பிக்சல் போன்களில் கேமராவிலேயே லாங் எக்ஸ்போஷர் என்று தனியாக உண்டு. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் ப்ரோ மோடுக்குப் போய் அரை விநாடி வைத்தால் படம் முழு வெள்ளையாகிறது என்கிறார்கள். பெரும்பாலான போன்களில் லென்ஸ் துளையைச் சுருக்க முடியாது, ஐஎஸ்ஓ 50-க்குக் கீழே போகாது, அதனால்தான். கிளிப் போட்டு மாட்டும் என்டி கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அது இல்லையென்றால் வெளிச்சம் குறையும் மாலைவரை காத்திருங்கள். போனுக்கும் ட்ரைபாட் வேண்டும், டைமரும் வேண்டும்.