ஏபிஎல்ஏ டெஸ்ட் எடுக்கச் சொன்னார்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் படிப்படியான விளக்கம்

கரு அடுத்தடுத்துக் கலைந்தாலோ, சின்ன வயதிலேயே கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டினாலோ, காரணம் தெரியாமல் பக்கவாதம் வந்தாலோ டாக்டர் சீட்டில் ‘ஏபிஎல்ஏ’ (ஆன்டி பாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி) என்று எழுதுவார். நோயை எதிர்க்க வேண்டிய புரதங்களில் சில நம் உடலுக்கே எதிராகத் திரும்பி, ரத்தத்தைத் தேவையில்லாத இடத்தில் உறைய வைக்கும். அவை இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனை. கரு தங்கவில்லை என்று மருமகளைக் குறைசொல்லும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இது அவள் சாப்பிட்டதாலோ வேலை செய்ததாலோ வருவதில்லை. கண்டுபிடித்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்துப் பலருக்குக் குழந்தையைக் காப்பாற்ற முடிகிறது.

1. சீட்டில் மூன்றும் இருக்கிறதா பாருங்கள்

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டி கார்டியோலிபின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன். பின்னிரண்டில் இந்தப் புரதங்களின் ஐஜிஜி, ஐஜிஎம் என இரு வகையும் பார்க்க வேண்டும். சில பேக்கேஜ்களில் முதலாவது இருக்காது. அதுதான் முக்கியமானது, கேட்டு வாங்குங்கள்.

2. சாப்பிடும் மருந்துகளைச் சொல்லுங்கள்

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளான வார்ஃபரின், அசிட்ரோம், ரிவராக்சபன், ஹெப்பாரின் ஊசி எதுவானாலும் லேபில் எழுதிக் கொடுங்கள். இவை லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் முடிவைக் குழப்பிவிடும். எனாக்ஸபரின் போன்ற ஹெப்பாரின் வகை ஊசி போடுபவர்களுக்குக் கடைசி ஊசிக்கு 12 மணி நேரமாவது கழித்து ரத்தம் எடுப்பது நல்லது. டெஸ்டுக்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தவே கூடாது, உயிருக்கே ஆபத்து. மற்ற இரண்டு டெஸ்டுகளையும் இம்மருந்துகள் பாதிப்பதில்லை.

3. எங்கே ரத்தம் கொடுப்பது

நம் பக்கத்தில் முடிவு தவறிப்போக வாய்ப்புள்ள இடம் இதுதான். லூபஸ் ஆன்டிகோயாகுலன்டுக்கு நீல மூடி ட்யூபில் ரத்தம் எடுப்பார்கள். உள்ளே சிட்ரேட் திரவம் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு, அதனால் குறியிட்ட கோடு வரை நிரம்ப வேண்டும். எடுத்த 4 மணி நேரத்துக்குள் ட்யூபை மெஷினில் இரண்டு முறை சுழற்றி, தட்டணுக்கள் (பிளேட்லெட்) நீங்கிய பிளாஸ்மாவை, அதாவது மேலே தெளியும் நீர்ப்பகுதியைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். தட்டணுக்கள் தங்கிவிட்டால், இருக்கும் நோயே இல்லை என்று வரக்கூடும்.

அரூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ காலையில் எடுத்த ரத்தம் அப்படியே ட்யூபில் மாலை வண்டி ஏறி சேலத்துக்கோ பெங்களூருக்கோ போனால் அந்த 4 மணி நேரம் வழியிலேயே கரைந்துவிடும். ஆகவே கலெக்‌ஷன் சென்டரில் பணம் கட்டுமுன் கேளுங்கள்: “நீல ட்யூபை இங்கேயே இரண்டு தரம் சுத்தி, உறைய வெச்சு அனுப்புவீங்களா?” பதில் மழுப்பலாக இருந்தால் அங்கே கொடுக்காதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரியுங்கள், அல்லது டெஸ்ட் நடக்கும் லேபுக்கே நேரில் போய்க் கொடுங்கள். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் பக்கம்தானே. பஸ் செலவு பெரிதல்ல, தவறான ரிப்போர்ட்தான் பெரிய செலவு.

மற்ற இரண்டுக்கும் சாதாரண சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) போதும், இவ்வளவு அவசரமில்லை.

4. ரிப்போர்ட்டைப் படிப்பது

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பக்கத்தில் ‘டிஆர்விவிடி’ என்று இருக்கும். நம் கடலைக்காடுகளில் பயந்து விலகிப் போகும் கண்ணாடி விரியனின் நஞ்சை மிகவும் நீர்த்து பிளாஸ்மாவில் சேர்த்து, உறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கும் முறை அது. உடலுக்குள் ரத்தத்தைக் கட்ட வைக்கும் இந்தப் புரதம், ட்யூபுக்குள் மட்டும் உறைவதைத் தாமதப்படுத்தும். ரிப்போர்ட்டில் நேரம் கூடியிருப்பதைப் பார்த்து ‘ரத்தம் தண்ணியா இருக்கு’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மற்ற இரண்டில் 40 யூனிட்டைத் தாண்டினால்தான் பொதுவாகக் கவனிப்பார்கள். மூன்றுமே பாசிட்டிவ் என்றால் ரத்தம் உறையும் ஆபத்து மிக அதிகம், உடனே டாக்டரைப் பாருங்கள்.

5. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும்

காய்ச்சல், தொற்று வந்தபின் இந்தப் புரதங்கள் சில நாள் தலைகாட்டி மறைவதுண்டு. அதனால் ஒரே ரிப்போர்ட்டை வைத்து நோய் என்று முடிவு கட்ட மாட்டார்கள். முடிந்தவரை அதே லேபில் எடுத்து, இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்துக் காட்டுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் 12 வாரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் ரிப்போர்ட்டோடு அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள், ஊசி எப்போது தொடங்குவது என்பதை அவர் முடிவு செய்வார்.