காசில்லாத காதலை மேடையேற்றுவது

"நாம ஏழைங்க" என்று காதலர்கள் புலம்பும் வசனம் இருந்தால் முதலில் அதை வெட்டுங்கள். அதற்குப் பதில் அவர்களைக் கணக்குப் போட வையுங்கள்.

என் நாடகம் நடப்பது திருப்பூரில், 2016 நவம்பரில். 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அவன் பனியன் கம்பெனி டெய்லர், அவள் செக்கிங், அதாவது தைத்த துணியில் குறை பார்க்கும் வேலை. சனிக்கிழமை சம்பளக் கவரில் பழைய நோட்டுதான். டீக்கடைக்காரர் வாங்க மாட்டேன் என்கிறார். அவள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எண்ணுகிறாள்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். முடிச்சு நிஜமாகவே இறுகியிருக்கட்டும். அவிழ்க்க எவ்வளவு நேரமாகிறதோ ஆகட்டும். அவன் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது, கிளாஸையே பார்க்க வேண்டும். டீயும் சுடச்சுட இருக்கணும். ஒத்திகையில் வெறும் கிளாஸைக் கொடுத்தேன், பையன் ஒரே மடக்கில் "குடித்துவிட்டான்"! காசைத் தகர மேசையில் வைக்கச் சொல்லுங்கள், கடைசி வரிசைக்கும் சத்தம் கேட்கும்.

சோக வயலின் வேண்டாம். தூரத்தில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓடினால் போதும்.

அப்புறம் சண்டை. அது கல்யாணத்தைப் பற்றி இருக்க வேண்டாம். இரண்டாவது டீயை யார் சொன்னது என்பதில் தொடங்கட்டும்.