உழைப்பவரின் முதுகைக் குறை சொல்லாதீர்கள்: வேலையிட வலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வேலை என்றால் வலிக்கத்தான் செய்யும்." வளரும் நாடுகளின் செங்கல் சூளைகளிலும் தையல் கூடங்களிலும் கட்டுமான இடங்களிலும் பெரும்பாலான தவறுகள் இந்த ஒரு பேச்சில்தான் தொடங்குகின்றன. ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு வேறு. விரல்கள் மரத்துப்போய் நடுராத்திரியில் விழிப்பு வருவதும், தலைவாரக் கையைத் தூக்க முடியாததும், பிடித்த பொருள் நழுவி விழுவதும் வேறு. பின்னவை நோய். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010ஆம் ஆண்டு தொழில்நோய்ப் பட்டியலிலேயே தசை, எலும்புக் கோளாறுகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

அடுத்த தவறு, வலிக்கு உழைப்பவர் தூக்கும் விதத்தையே காரணமாக்குவது. "முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே" என்று ஒரு நாள் பயிற்சி கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். இந்தப் பயிற்சியால் மட்டும் முதுகுவலி குறைவதில்லை என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். குறையவும் வழியில்லை; மூட்டையின் கனம் அப்படியேதானே இருக்கிறது? அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்கில், எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்க உகந்த எடை 23 கிலோதான். தரையிலிருந்து தூக்கினால், உடம்பைத் திருப்பினால், சுமை உடலைவிட்டுத் தள்ளியிருந்தால் அதுவும் குறையும். 1967இன் சர்வதேசப் பரிந்துரை ஒன்று ஆண் தொழிலாளிக்கு 55 கிலோ என்ற வரம்பைச் சொல்கிறது. 50 கிலோ மூட்டை அதற்குள் அடங்குகிறது என்று ஆறுதல்படுபவர்கள், அந்த வரம்பை ஒருமுறை தங்கள் தோளிலேயே ஏற்றிப் பார்க்கலாம். மூட்டையைச் சிறிதாக்குங்கள், தள்ளுவண்டி கொடுங்கள், அடுக்கும் இடத்தை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுப்பது இதற்கு ஈடாகாது. அது காயத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று நியோஷ் 1994லேயே சொல்லிவிட்டது.

செலவாகும் என்று பயந்து ஒதுங்குவதும் தவறுதான். விலையுயர்ந்த நாற்காலி எதுவும் தேவையில்லை. வேறு நாட்டு உடல்வாகுக்குச் செய்த இயந்திரத்தின் முன் எட்டி எட்டி வேலை செய்பவருக்கு, ஆடாத ஒரு மரப்படி போதும். நின்று செய்யும் வேலை ஏறக்குறைய முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். நுணுக்கமானது சற்று மேலே, பலம் போட்டு அழுத்துவது சற்றுக் கீழே. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட 132 சரிபார்ப்புக் குறிப்புகளில் பல இப்படி எளிமையானவை.

துண்டுக்கூலியில் இடைவேளை எடுத்தால் கூலி போகும், அதனால் யாரும் எடுப்பதில்லை. இதை உழைப்பவரின் பிடிவாதம் என்று சொல்வது நியாயமில்லை. சின்னச் சின்ன இடைவேளைகளைக் கூலிக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். வேலையை மாற்றிக் கொடுப்பதிலும் ஒரு ஏமாற்று உண்டு: தோளை வருத்தும் ஒரு வேலையிலிருந்து தோளையே வருத்தும் இன்னொன்றுக்கு மாற்றினால் தோளுக்கு ஏது ஓய்வு?

வலி மாத்திரையை விழுங்கிவிட்டு நாள்தோறும் வேலைக்குப் போவது ஆபத்து. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை வயிற்றில் புண்ணாக்கும். வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தையும் பாதிக்கும். சாதாரண முதுகுவலிக்கு வாரக்கணக்கில் படுத்தே கிடப்பதும் கூடாது, முடிந்த அளவு நடமாட வேண்டும். ஆனால் சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"எங்களிடம் யாருக்கும் வலியில்லை" என்று சொல்லும் முதலாளியை நம்பிவிடாதீர்கள். வலி வந்தவர்கள் வேலையை விட்டுப் போயிருப்பார்கள். இருப்பவர்கள் வேலை போய்விடுமோ என்று வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரு தாளில் மனித உருவம் வரைந்து, கடந்த 7 நாளிலும் 12 மாதத்திலும் எங்கே வலித்தது என்று பெயர் கேட்காமல் குறிக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் குறிகள் குவிந்தால், முதலில் மாற்ற வேண்டிய வேலை எது என்று தெரிந்துவிடும்.