மக்கர் பண்ணும் ட்யூப் கிட்டார் ஆம்ப்பை வீட்டிலேயே சரிசெய்வது

என்னிடம் இருப்பது 15 வாட் காம்போ ஒன்று, அதாவது ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். ட்யூப் என்றாலும் வால்வு என்றாலும் ஒன்றுதான்: ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பக்கம் இரண்டு இஎல்84 வால்வு, முன்னால் மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வு, ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், அவ்வளவுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கி நான்கு வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. ஒருநாள் ஒத்திகைக்கு நடுவில் உம்மென்று முனக ஆரம்பித்தது, சத்தமும் நசுங்கிப் போனது, பின்பக்கம் எட்டிப் பார்த்தால் ஒரு வால்வின் உள்ளே இருக்கும் பிளேட் என்ற உலோகத் தகடு பழுக்கக் காய்ச்சிய கம்பி மாதிரி சிவந்துகொண்டிருந்தது. நானும் எல்லோரையும் போல உடனே புது ஜோடி வால்வு வாங்கி மாட்டினேன். பத்து நிமிடத்தில் அதுவும் சிவந்தது. பழுது வால்வில் இல்லை, பத்து ரூபாய் சமாச்சாரம் ஒன்றில் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அதைத் தேடிப் போன வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உயிர் விஷயம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூப் ஆம்ப்பின் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் (டிசியைச் சீராக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள்) 300, 350 வோல்ட் தேங்கி நிற்கலாம், பெரிய ஆம்ப்களில் 450க்கு மேல்கூட. சில ஆம்ப்களில் அதை வடிப்பதற்கு உள்ளேயே ரெசிஸ்டர் இருக்கும், ஆனால் அதை நம்பி விரல் வைக்காதீர்கள், அந்த ரெசிஸ்டரே போயிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து இரண்டு முனையிலும் இன்சுலேஷன் உள்ள கிளிப் ஒயர் இணைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பை சேசிஸில், அதாவது எல்லாம் பொருத்தியிருக்கும் உலோகச் சட்டத்தில், மாட்டிவிட்டு, மற்றதைக் கெப்பாசிட்டரின் பிளஸ் முனையில் வைத்துப் பதினைந்து எண்ணுங்கள். பிறகு மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு ஃபில்டர் கெப்பாசிட்டரிலும் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து டமால் என்று ஷார்ட் செய்கிற வித்தை வேண்டாம், கெப்பாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டி வந்தால் மீட்டரின் கறுப்பு ஒயரை கிளிப் போட்டு சேசிஸில் மாட்டிவிட்டு, சிவப்பு ஒயரை மட்டும் ஒரே கையால் பிடியுங்கள். இன்னொரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். மோதிரம், கழுத்துச் செயின், ஈரத் தரை, வெறுங்கால் எதுவும் கூடாது, வீட்டில் ஒருவராவது விழித்திருக்க வேண்டும். 600 வோல்ட் டிசி தாங்கும் மீட்டரா என்று அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஸ்பீக்கர் மாட்டாமல் ஆம்ப்பை ஓட விடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டால் அதற்கு ஆகும் செலவில் வேறு ஆம்ப்பே பார்த்துவிடலாம்.

இதெல்லாம் படிக்கும்போதே பயமாக இருக்கிறதா? சரி, சேசிஸைக் கழற்றாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம்.

வேறு கிட்டார், வேறு கேபிள், வேறு பிளக் பாயின்ட். சிரிக்காதீர்கள், ஒரு நண்பரின் 'செத்துப்போன' ஆம்ப்பை இரண்டு மாடி தூக்கிவந்து பார்த்தபோது போயிருந்தது கேபிள். பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் (எஃபெக்ட் பெடல்களை நடுவில் இணைப்பதற்கான சென்ட், ரிட்டர்ன் என்ற இரண்டு ஜாக்) இருந்தால் இரண்டையும் ஒரு சின்ன பேட்ச் கேபிளால் இணைத்துப் பாருங்கள். சத்தம் திரும்ப வந்துவிட்டால் ரிட்டர்ன் ஜாக்கின் உள்ளே இருக்கும் ஸ்விட்ச் தகடு கறுத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். கடற்கரை ஊர்களில் இது சகஜம். கான்டாக்ட் கிளீனரை அடித்து, ஜாக் பின்னை இருபது தடவை சொருகி எடுத்தால் போதும். துரு எடுக்கிற எண்ணெய் ஸ்பிரேயை அடித்துவிடாதீர்கள், எண்ணெய் தங்கி தூசியைப் பிடித்து வைக்கும். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி ஓம் பார்த்தால், 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும், அது சரிதான்.

அடுத்து வால்வுகளைப் பாருங்கள். எல்லாம் லேசாக ஆரஞ்சு நிறத்தில் எரிகிறதா? கண்ணாடியின் உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று போய்விட்டது, அந்த வால்வு முடிந்தது. பென்சிலின் பின்முனையால் ஒவ்வொன்றையும் மெதுவாகத் தட்டுங்கள். 12ஏஎக்ஸ்7 லேசாக டொக் என்று கேட்பது இயல்பு, ஆனால் மணி அடித்தது போல ரீங்கரித்தாலோ கரகரத்தாலோ அதை மாற்றலாம். கரகரப்பு வந்தால் வாங்க ஓடுவதற்கு முன், ஆறவிட்டு, வால்வை எடுத்து சாக்கெட்டில் கிளீனர் விட்டு மறுபடி சொருகிப் பாருங்கள், பல நேரம் அந்தப் பின்களின் அழுக்குதான். 

தேவையில்லாத சத்தம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பிடிப்பதும் வால்வை வைத்தே. ஆம்ப்பை அணைத்து, இன்புட் ஜாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் 12ஏஎக்ஸ்7ஐ உருவிவிட்டு, அது இல்லாமலே மறுபடி ஆன் செய்யுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு அந்த வால்விலோ அதற்கு முன்னாலோ. நிற்கவில்லை என்றால் அடுத்ததை உருவுங்கள். பவர் வால்வுகளுக்கு முன்னால் கடைசியாக இருக்கும் 12ஏஎக்ஸ்7, அதாவது சிக்னலை இரண்டு பவர் வால்வுகளுக்கும் எதிரெதிராகப் பிரித்துக் கொடுக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டரை எடுத்த பிறகும் சத்தம் அப்படியே இருந்தால் விஷயம் பவர் பக்கத்தில்.

ஹம், அதாவது அந்த உம்மென்ற முனகல், வந்தால் கிட்டார்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு, நம் காதே மீட்டர். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதை டயோடுகள் டிசியாக மாற்றும்போது மிச்சமாகும் அலை 100 ஹெர்ட்ஸ். கிட்டாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், அதாவது ஜி, 98 ஹெர்ட்ஸ். அதை வாசித்துப் பாருங்கள். ஹம் அதே சுருதியில் கொஞ்சம் கரகரப்போடு இருந்தால் பெரும்பாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது, அல்லது இரண்டு பவர் வால்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, மொழுமொழுவென்று இருந்தால் 50 ஹெர்ட்ஸ்: வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்குப் போகும் ஒயர், எர்த், கேபிள், பிக்கப் என்று அந்தப் பக்கம் தேடுங்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது ஹம்மும் ஏறி இறங்கினால் அது குமிழுக்கு முன்னாலிருந்து வருகிறது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அவர்கள் வீடியோவில் கேட்கும் ஹம்மின் சுருதி வேறு, அதோடு ஒப்பிடாதீர்கள். ஹம்மை ஒழிக்கிறேன் என்று பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்களை மேடையிலேயே பார்த்திருக்கிறேன். கிட்டார் கம்பியில் கை, மைக்கில் உதடு, நடுவில் நீங்கள். அதைச் செய்யவே கூடாது.

ஃபியூஸ் போகிறது என்றால் அதே மதிப்பில், ஸ்லோ ப்ளோ வகையே (ஆன் செய்யும்போது ஒரு கணம் பாயும் கூடுதல் கரண்டைத் தாங்குவது) போடுங்கள். வீட்டு ஃபியூஸ் கட்டையில் கம்பியை இரண்டு சுற்று கூடச் சுற்றுகிற கை பழக்கத்தை இங்கே காட்டினால் அடுத்து எரிவது பவர் டிரான்ஸ்ஃபார்மர். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப்பை நேரே 230 வோல்ட்டில் சொருகிய கதையா என்றும் பின்பக்க எழுத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதற்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சீரிஸ் போர்டு செய்துகொள்வது ரொம்ப உபயோகம். எலெக்ட்ரீஷியன்கள் எல்லோரிடமும் இருக்கும்: ஒரு பல்பு ஹோல்டர், ஒரு பிளக் சாக்கெட், ஃபேஸ் ஒயர் பல்பு வழியாகப் போய் சாக்கெட்டுக்கு வரும்படி இணைத்த பலகை. எர்த்தும் நியூட்ரலும் நேராகவே போக வேண்டும். பழைய குண்டு பல்புதான் போட வேண்டும், எல்இடி உதவாது. என் சைஸ் ஆம்ப்புக்கு 60 வாட், பெரியதற்கு 100 வாட். எல்லா வால்வையும் எடுத்துவிட்டு ஆன் செய்தால் பல்பு ஒரு நொடி பளிச்சிட்டுவிட்டு அணைந்தாற்போல மங்க வேண்டும். பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட்: டயோடு, ஃபில்டர் கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர், மூன்றில் ஒன்று. மங்கிவிட்டதென்றால் வால்வுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள், எதைப் போட்டதும் பல்பு முழுசாக எரிகிறதோ அங்கே திருடன் இருக்கிறான். ஃபியூஸுக்குப் பதில் பல்பு சுமையை வாங்கிக்கொள்வதால் பொறுமையாகத் தேட நேரம் கிடைக்கும். பல்பு நடுவில் இருக்கும்வரை ஆம்ப் உள்ளே வோல்டேஜ் எல்லாம் குறைவாகத்தான் காட்டும், அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

டயோடு சந்தேகம் என்றால் மின்னிறக்கிய பிறகு மீட்டரின் டயோடு நிலையில் பாருங்கள், ஒரு பக்கம் 0.5 முதல் 0.7, மறுபக்கம் எதுவும் காட்டக் கூடாது. இரண்டு பக்கமும் பீப் அடித்தால் ஒரு முனையைச் சால்டர் எடுத்து மறுபடி பார்த்து உறுதி செய்துகொண்டு மாற்றுங்கள், 1என்4007 சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், நான்கையும் மாற்றிவிடலாம். ஃபில்டர் கெப்பாசிட்டர் உப்பியிருந்தால், அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தால் மாற்றுங்கள், ஆனால் ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் வைத்த பசையைக் கசிவு என்று நினைத்துவிட வேண்டாம், நான் நினைத்திருக்கிறேன். அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி சூடு தாங்கும் வகை. பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும்.

சத்தமே இல்லாத ஆம்ப்பில் 12ஏஎக்ஸ்7 ஒவ்வொன்றிலும் பின் 1, பின் 6 இரண்டிலும் டிசி அளந்தால் கதை வெளியே வந்துவிடும். அவை இரண்டும் பிளேட். சாக்கெட்டை அடியிலிருந்து பார்த்து, இடைவெளி இருக்கும் இடத்திலிருந்து கடிகார திசையில் எண்ண வேண்டும், மேலிருந்து பார்த்தால் எதிர்த் திசை. பெரும்பாலும் 100க்கும் 250க்கும் நடுவில் ஏதாவது காட்டும். பூஜ்யம் என்றால் பிளேட் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம். சப்ளை வோல்டேஜ் அப்படியே வந்து நின்றால் அந்த வால்வு கரண்டே இழுக்கவில்லை: ஹீட்டர் எரியவில்லை, அல்லது கேத்தோடில் (வால்வுக்குள் எலக்ட்ரான் கிளம்பும் முனை) இருக்கும் ரெசிஸ்டர் போய்விட்டது. மீட்டர் முனை பிளேட்டில் படும்போது ஸ்பீக்கரில் சின்னதாக 'டப்' கேட்க வேண்டும். பவர் பக்கத்திலிருந்து இன்புட்டை நோக்கி ஒவ்வொரு பிளேட்டாகத் தொட்டு வாருங்கள், எந்த இடத்தில் 'டப்' நிற்கிறதோ அங்கே வழி அறுந்திருக்கிறது.

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு மீட்டர் உதவாது. நூடுல்ஸ் பார்சலோடு வரும் மூங்கில் குச்சி காய்ந்ததாக ஒன்று இருந்தால் போதும், ஆம்ப் ஓடும்போது போர்டை, ஒயரை, ஜாக்கை லேசாக அழுத்திக்கொண்டே போங்கள். போர்டிலேயே சாக்கெட் வைத்த ஆம்ப்களில் சூடாகிச் சூடாகி ஆறுவதால் சால்டரில் வளையம் போல விரிசல் விழும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

இனி என் சிவந்த வால்வு. சிவப்பைப் பார்த்த உடனே அணைக்க வேண்டும். ஆறியதும் இரண்டு இஎல்84களையும் இடம் மாற்றிப் போட்டேன். சிவப்பு வால்வோடு போகவில்லை, அதே சாக்கெட்டிலேயே நின்றது. அப்படியானால் வால்வு நல்லவன். இரண்டையும் உருவிவிட்டு, ஆன் செய்து, சாக்கெட்டின் பின் 2ஐ, அதாவது வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டை அளந்தேன். பயாஸ் என்பது வாசிக்காதபோது வால்வு எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று நிர்ணயிக்கும் ஏற்பாடு; என்னுடையதில் அதைக் கேத்தோடு ரெசிஸ்டரே செய்யும் கேத்தோடு பயாஸ் என்பதால் அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும், கிரிட்டுக்குத் தனியாக வோல்டேஜ் கொடுக்கும் ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப்பாக இருந்தால் மைனஸில் இருக்கும். ஒரு சாக்கெட்டில் பூஜ்யம், சிவந்த சாக்கெட்டில் பிளஸ் 7 வோல்ட். ஃபேஸ் இன்வெர்ட்டரின் பிளேட்டுக்கும் அந்த கிரிட்டுக்கும் நடுவில் நிற்கும் கப்ளிங் கெப்பாசிட்டரின் வேலையே டிசியை மறித்து, பாட்டை மட்டும் விடுவது. அது லேசாகக் கசிந்து கிரிட்டைப் பிளஸ் பக்கம் இழுத்தால் வால்வு கட்டுப்பாடில்லாமல் கரண்ட் இழுத்துச் சிவக்கும். எத்தனை புது வால்வு போட்டாலும் சிவக்கத்தான் செய்யும். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் 0.022 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட் பிலிம் கெப்பாசிட்டர் இரண்டு வாங்கினேன், ஜோடியில் ஒன்று போனால் மற்றதையும் மாற்றிவிடுவது என் வழக்கம். மாற்றியபின் இரண்டு கிரிட்டும் பூஜ்யம்.

அதோடு விட்டுவிடாமல் கேத்தோடு ரெசிஸ்டரின் குறுக்கே அளந்து கணக்குப் போட்டேன். இரண்டு வால்வுக்கும் பொதுவாக 150 ஓம், 10.5 வோல்ட் காட்டியது: 70 மில்லி ஆம்பியர், ஆளுக்கு 35. வால்வின் இன்னொரு கிரிட்டான ஸ்கிரீனுக்கு 3 போக பிளேட்டுக்கு 32. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் 320 வோல்ட், பெருக்கினால் ஒரு வால்வுக்கு 10 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். இஎல்84இன் எல்லை 12 வாட், ஆக உள்ளேதான் இருக்கிறோம்.

பவர் டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சுருள் அறுந்தது என்றெல்லாம் வந்தால் நான் கை வைப்பதில்லை, வால்வு ரேடியோ காலத்திலிருந்து பட்டறை வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுத்துவிடுவேன். நீங்களே சரிசெய்துவிட்டீர்கள் என்றால் பின்பலகையை உடனே மூடாமல், ஸ்பீக்கரோடு மேசை மேல் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு பிளேட்டுகளைப் பாருங்கள். இருட்டில்தான் லேசான சிவப்பு தெரியும். அந்த ஒரு மணி நேரமும் நான் வாசித்தது அந்த மூன்றாவது ஃப்ரெட் ஜிதான், ஹம் போய்விட்டதா என்று நம்பிக்கை வராமல்.