தாய்லாந்தில் சுற்றுலா அனுமதியை 30 நாள் நீட்டிப்பது எப்படி?

முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து, வந்திறங்கியபோது குத்திய முத்திரையைப் பாருங்கள். வந்த தேதியும், எதுவரை தங்கலாம் என்ற தேதியும் அதில் இருக்கும். இரண்டாவதுதான் உங்கள் கெடு. விசாவில் அச்சாகியிருக்கும் காலாவதித் தேதி, எந்த நாளுக்குள் நாட்டில் நுழைய வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. அதையே தங்கும் கெடு என்று எண்ணி அபராதம் கட்டுபவர்கள் நிறைய. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்கு வந்தது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. யார் என்ன சொன்னாலும் முத்திரையில் உள்ள தேதிதான் செல்லும்.

சுற்றுலா விசாவிலோ விசா விலக்கிலோ வந்தவர்கள் 30 நாள் நீட்டிப்பு கேட்கலாம். கட்டணம் 1,900 பாட் (தாய்லாந்து நாணயம்). விமான நிலையத்திலேயே விசா வாங்கி வந்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குப் பெரும்பாலும் 7 நாள்தான் கிடைக்கும்.

கொண்டுபோக வேண்டியவை: நிரப்பிய டிஎம் 7 படிவம் (நீட்டிப்புக்கான விண்ணப்பம்), 4×6 செ.மீ. புகைப்படம் ஒன்று, பாஸ்போர்ட், அதன் ஜெராக்ஸ். புகைப்படப் பக்கம், விசா இருந்தால் அந்தப் பக்கம், கடைசி நுழைவு முத்திரை உள்ள பக்கம் ஆகியவற்றை நகலெடுத்து ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடுங்கள். பணத்தை ரொக்கமாக வைத்திருப்பது நல்லது.

இவ்வளவும் இருந்தும் பலரைத் திருப்பி அனுப்புவது டிஎம் 30 என்ற தங்குமிடப் பதிவுத் தாள். வெளிநாட்டவர் தங்க வந்த 24 மணி நேரத்துக்குள் இடத்தின் உரிமையாளர் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். ஓட்டல்கள் தாமாகவே செய்துவிடும். வாடகை ஃபிளாட், நண்பர் வீடு, ஆன்லைனில் பிடித்த அறை என்றால் சந்தேகம்தான். உரிமையாளரிடம் பதிவு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். போகிற அன்று காலையில் கேட்டால் கிடைக்காது, இரண்டு நாள் முன்பே கேளுங்கள். படிவத்தில் எழுதும் முகவரியும் ரசீதில் உள்ளதும் ஒன்றாக இருக்கட்டும். இடையில் ஊர் மாறியிருந்தால் இப்போது தங்கும் இடத்தின் பதிவுதான் வேண்டும்.

எந்த மாகாணத்தில் தங்குகிறீர்களோ அங்குள்ள இமிகிரேஷன் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். பாங்காக்கில் அது சேங் வத்தனா அரசு வளாகத்தின் பி கட்டடம். காலை 8.30க்குத் திறக்கும்போதே போய் டோக்கன் எடுங்கள். 12 மணிக்கு மதிய உணவு இடைவேளை. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களில் வேலை நடக்காது. ஏப்ரல் நடுவில் தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான் விடுமுறை வரும், அதைக் கணக்கில் வையுங்கள். கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போனால், ஏதாவது தாள் குறைந்தாலும் மறுநாள் வரலாம். முன்கூட்டிப் போவதால் நாள் குறையாது: புதிய 30 நாள், பழைய கெடு முடிந்த பிறகே தொடங்கும்.

கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 500 பாட் அபராதம், உச்சம் 20,000. விமான நிலையத்தில் தாமாகக் கட்டிவிட்டுப் போகிறவர்களும் 90 நாளுக்கு மேல் தங்கியிருந்தால் ஓராண்டு உள்ளே வர முடியாது. வழியில் சோதனையில் பிடிபட்டால் கதை வேறு: தாண்டியது சில நாளே ஆனாலும் 5 ஆண்டுத் தடை வரலாம்.

நீட்டிப்பு கிடைத்தபின் லாவோஸுக்கோ மலேசியாவுக்கோ ஒரு எட்டு போய்வர நினைத்தால், எல்லை தாண்டியதும் அந்த 30 நாளும் ரத்தாகிவிடும். கிளம்பும் முன்பே டிஎம் 8 படிவம் கொடுத்து மறுநுழைவு அனுமதி வாங்குங்கள். ஒரு முறைக்கு 1,000 பாட்.