வெள்ளம் வடிந்த வீட்டுக்கு எப்போது பெயிண்ட் அடிக்கலாம்?

2021 நவம்பர் மழையில், கன்னியாகுமரி மாவட்டத்தில், குழித்துறை ஆற்றுத் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் இரண்டடி நின்றது. கிறிஸ்துமஸுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஐந்தாவது வாரமே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தேன். பொங்கலுக்குள் அது அப்பளம் போலப் பொரிந்து உதிர்ந்தது. இது இரண்டாம் முறை கற்றுக்கொண்டது.

1. கழுவுவது உங்களுக்கே தெரியும். மூழ்கிய சுவிட்ச் பெட்டிகளை எலெக்ட்ரீஷியன் திறந்து பார்க்கும்வரை மெயினைப் போடாதீர்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிடைக் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

2. தண்ணீர் நின்ற கறைக்கு மேல் ஓரடி வரை பெயிண்டையும் பட்டியையும் சுரண்டி எடுங்கள். தட்டினால் பொத்தென்று கேட்கும் பூச்சையும் கொத்திவிடுங்கள். சுவர் தண்ணீரை மேலே இழுக்கும் என்பதால்தான் அந்தக் கூடுதல் ஓரடி.

3. மழையில்லாத நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஸ்டாண்டு ஃபேனை ஒரு ஜன்னலுக்கு முன்னால் வெளியே பார்த்து வையுங்கள். ஈரக்காற்றை வெளியேற்றுவதுதான் வேலை; அறைக்குள்ளேயே சுற்றவிட்டுப் பயனில்லை.

4. ஓதம், அதாவது சுவருக்குள் இருக்கும் ஈரம், போய்விட்டதா என்று பார்ப்பது. நான் விழுந்த குழி இதுதான். ஓரடிச் சதுரத்தில் பாலிதீன் தாளைச் சுவரில் ஒட்டி ஒருநாள் விட வேண்டும். நான் மேல் விளிம்பை மட்டும் ஒட்டித் தொங்கவிட்டேன். ஈரம் பக்கவாட்டில் தப்பிவிட்டது, தாள் உலர்ந்தே இருந்தது, நானும் நம்பிவிட்டேன். பிறகு வந்த கொத்தனார் நான்கு ஓரமும் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து ஆணியடித்தார். மறுநாள் காலையில் தாளின் உட்புறம் வியர்த்த நெற்றி போல முத்து முத்தாகத் துளிகள். “மக்களே, சுவர் குடித்ததை இன்னும் கக்கவில்லை” என்றார். துளி வெளிப்புறத்தில் இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம், சுவரினுடையது அல்ல.

ஒரு அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இரு பக்கமும் காய்ந்தாலும் நாலைந்து மாதம். நல்லவேளை, நம் மாவட்டத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் கை கொடுக்கும். ஜூனில் அடுத்த மழை வருமுன் முடித்துவிடலாம்.

5. உப்புப் பூத்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போகும்.

6. முதல் ஆண்டு வெறும் சுண்ணாம்புதான் என் தேர்வு, ஈரத்தை அடைக்காது. ‘வாட்டர் புரூஃப்’ பூச்சு உள்ளிருக்கும் தண்ணீரைச் சிறை வைக்கும். கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வாங்காதீர்கள்.

கதவு மூடவில்லை என்று இழைத்துவிடாதீர்கள். எங்கள் அயனி மரக் கதவு ஏப்ரலில் தானாகச் சுருங்கி நிலையில் பொருந்தியது. அவசரப்பட்டு இழைத்த பின்கதவில் இப்போது பல்லி நுழையும் அளவுக்கு இடைவெளி.

பிற்சேர்க்கை: ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தும் பலனில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஜன்னல்கள் திறந்திருந்தனவாம். அது ஓடும்போது எல்லாவற்றையும் மூடுங்கள். இல்லையென்றால் ஊர்க்காற்றைத்தான் உலர்த்திக்கொண்டிருக்கும்.